வாய்க்கால் பற்றிய களக் குறிப்புகளைப் பக்கத்து உள்ளாட்சிகளோடு பகிர்ந்து வைப்பது எப்படி?

கேள்வி: புறநகர் ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகர் உள்ளாட்சி ஒன்றில் நகரமைப்பு ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். சுற்றுவட்டாரத்து நகரமைப்புப் பிரிவினர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அரசாணை வெளியான அன்றே அதன் நகல் குழுவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒரு விதியை ஒருவர் களத்தில் எப்படிப் பொருத்தினார், ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பது எங்கும் பதிவாவதில்லை.

சென்ற மாதம் ஒரு மனைக்குத் தல ஆய்வுக்குச் சென்றேன். புல வரைபடத்தில் மனையின் கிழக்கு ஓரமாக வாய்க்கால் ஓடுகிறது. களத்திலோ அங்கே சிமெண்டுச் சாலை. அதன் ஓரத்தில் பழைய சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. இதே வாய்க்காலின் மேல்பகுதியில் பக்கத்து உள்ளாட்சி அலுவலர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதே சிக்கலைத் தீர்த்திருக்கிறார் என்பது, கோப்பை மேலே அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அப்போது குழுவில் குரல் பதிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவு இன்று யாரிடமும் இல்லை, அவரும் மாறுதலில் போய்விட்டார். இத்தகைய குறிப்புகளை எந்த வடிவில் எழுதி வைத்தால், நாளை இந்த இருக்கைக்கு வருகிறவருக்கும் கிடைக்கும்? விண்ணப்பதாரரின் விவரமும் வெளியே போகக் கூடாது.

பதில்: ஓய்வு பெற்ற நகரமைப்பு அலுவலர்

அம்மா, விதி எண்ணைத் தலைப்பாக வைத்துத் தொகுக்க வேண்டாம். சென்னைப் பெருநகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டத்தோடு 2008-இல் வந்த வளர்ச்சி விதிகளின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த நாங்கள், 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்ததும் மீண்டும் முதலிலிருந்து படித்தோம். கிராமப் பெயரும் சர்வே எண்ணும் அப்படி மாறுவதில்லை. உட்பிரிவு ஆனாலும் தாய் எண்ணைப் பிடித்துப் போய்விடலாம். நகர நில அளவை முடிந்த இடங்களில் மட்டும் எண் புதிதாகிவிடும் என்பதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

நான் ஒரு நீளக் கணக்கு நோட்டில் வரைபடம் என்ன சொல்கிறது, தரை என்ன சொல்கிறது, யாரைக் கேட்டேன், என்ன முடிவெடுத்தேன் என்று எழுதி வைத்தேன். பிற்பாடு எனக்கு மிகவும் பயன்பட்டது, அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்துக்குப் போய், தண்ணீர் நின்றதா ஓடியதா என்று பார்த்துச் சேர்த்த வரிதான். 2015 வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது எங்களில் பலருக்குத் தெரிந்திருந்தது. அவரவர் நோட்டிலும் நினைவிலும் இருந்ததை ஓரிடத்தில் சேர்க்கத் தவறினோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பதில்: தென்சென்னை வரைவாளர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மனையின் சர்வே எண்ணை எழுதினால், பட்டா விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், உரிமையாளர் யாரென்று நொடியில் தெரிந்துவிடும். வாய்க்கால் புறம்போக்குக்குத் தனி எண் இருக்குமானால் அதைத் தலைப்பாக வையுங்கள். அது அரசு நிலம் என்பதால் எவருடைய விவரமும் வெளிப்படாது. பத்து மனைகளின் அனுபவமும் ஒரே தலைப்பின் கீழ் சேரும்.

உள்ளாட்சி வாரியாகப் பிரிப்பதும் உதவாது. சிட்லபாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. இந்த வழியில் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியும் வருகிறது, ஊராட்சியும் வருகிறது, சென்னை மாநகராட்சியும் வருகிறது. செம்பாக்கத்தில் ஒருவர் எடுக்கும் முடிவின் விளைவை நாராயணபுரத்தில் இன்னொருவர் பார்க்க நேர்கிறது. ஆகவே ஏரிச் சங்கிலி ஒன்றுக்கு ஒரு பொது விரிதாள் என்று வைத்து, அதை யாருடைய சொந்தக் கணக்கிலும் வைக்காமல், பதவியின் பெயரிலுள்ள மின்னஞ்சலில் தொடங்குங்கள்; மாறுதலில் போகிறவர் கடவுச்சொல்லைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலிலேயே சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

பதில்: கோப்புக்காரர்

ஓர் எச்சரிக்கை. இந்தக் குறிப்பை யாரும் தெளிவுரையாக எடுத்துக்கொண்டு கோப்பில் மேற்கோள் காட்டக் கூடாது. விதிக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் மேலிடத்துக்கே உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாளை ஒருவர் நகல் கேட்கலாம் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். அதற்குப் பயந்து தவறாகப் போன முடிவுகளை மறைத்துவிட வேண்டாம்; அடுத்தவருக்கு மிகவும் தேவைப்படுவது அவைதான்.

புறநகர் ஆய்வாளர்

மூவருக்கும் நன்றி. வாய்க்கால் புறம்போக்கின் எண்ணில் முதல் பதிவை இன்று எழுதினேன். வரைபடத்தில் வாய்க்கால், தரையில் சாலை, சிறுபாலத்தின் சுவர் எஞ்சியிருக்கிறது, அகலத்தை அளந்து தரும்படி வருவாய்த் துறை நில அளவரைக் கேட்டிருக்கிறேன் என்ற அளவில் இப்போதைக்கு நிற்கிறது. மேல்பகுதியைப் பார்த்த அலுவலரையும் தொலைபேசியில் பிடித்துவிட்டேன். தமக்கு நினைவிருப்பதை இந்த வாரம் அவரே விரிதாளில் எழுதித் தருவதாகச் சொன்னார். ஐப்பசி மழையில் போய்ப் பார்த்து எழுத ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.