தலை எண்ணெயில் தைலத்தின் மணம் நிற்கவில்லை – அவசர உதவி

கதிர்மணி: தலைக்கு எண்ணெய் காய்ச்சினேன். வாசனைத் தைலம் ஊற்றியதும் அடுப்படி முழுவதும் மணந்தது. ஆறிய பிறகு எண்ணெயில் மணமே இல்லை. தைலம் கலப்படமா? நாளை அக்காவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

மல்லிப்பந்தல்: எந்தத் தைலம்? எவ்வளவு ஊற்றினீர்கள்? அடுப்பில் இருக்கும்போதா, இறக்கிய பிறகா?

நெல்லிமரம்: கலப்படம்தான். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை தங்கினால் சமையல் எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள்.

மல்லிப்பந்தல்: வெட்டிவேர்த் தைலம் கலப்படம் இல்லாவிட்டாலும் கறை விடும். முதலில் என்ன தைலம் என்று தெரியட்டும்.

வாலைக்காரர்: மாதம் தவறாமல் இதே கேள்வி. அடிப்படை தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைக்கக் கூடாதா? அடுப்படி மணந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மணம் அங்கேதான் போயிற்று.

நெல்லிமரம்: தைலத்தை நீராவியில்தானே வடிக்கிறார்கள்? அந்தச் சூட்டில் போகாத மணம் வாணலியில் மட்டும் ஏன் போகிறது?

வாலைக்காரர்: வாலை, அதாவது தைலம் வடிக்கும் கலம், மூடியது; அதில் ஆவி வெளியே போகாமல் குளிர்ந்து ஏற்கும் கலத்தில் சேர்கிறது. திறந்த வாணலியில் காற்றோடு போகிறது. இதுகூடவா விளங்கவில்லை?

தாழம்பூ: ஆவியாவது மட்டும் இல்லை, சூட்டில் பொருளே மாறுவதும் உண்டு. சீமைச் சாமந்தித் தைலத்தின் நீலம் பூவில் கிடையாது, வடிக்கும்போது உண்டாவது. மல்லிகையின் மணம் நீராவியில் சிதைவதால்தான் கரைப்பானால் எடுக்கிறார்கள்.

நெல்லிமரம்: உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் மல்லிகையைச் செப்புக் கலத்தில் நீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தனத் தைலத்தில் இறக்கித்தானே அத்தர் எடுக்கிறார்கள்!

தாழம்பூ: எடுக்கிறார்கள். ஆனால் அது பூவின் பச்சை மணம் ஆகாது.

கதிர்மணி: எலுமிச்சைப்புல் தைலம். கறிவேப்பிலை பொரியும்போதே ஊற்றினேன்.

மல்லிப்பந்தல்: அப்படியானால் தைலத்தின் மேல் குற்றம் இல்லை. கறிவேப்பிலை பொரியும் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டும். எலுமிச்சைப்புல்லுக்கு மணம் தரும் சிட்ரல் 229 பாகையில்தான் கொதிக்கும் என்றாலும், அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கிவிடும். மிஞ்சியதும் சூட்டில் காற்றுப் பட்டு விரைவாகக் கெடும். எண்ணெயை வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, 100 மில்லிக்கு 10 சொட்டு கலந்து, நிறக் குப்பியில் இறுக மூடுங்கள். அதற்கு மேல் சேர்த்தால் தலைத்தோல் எரியலாம். இன்னொன்று: நீலகிரித் தைலத்தின் ஆவி 50 பாகைக்குள்ளேயே தீப்பொறி பட்டால் பற்றும். எரியும் அடுப்பருகே எந்தத் தைலத்தையும் திறக்காதீர்கள்.

கதிர்மணி: ஆறவைத்துக் கலந்தேன். மணம் நிற்கிறது. நன்றி.

நெல்லிமரம்: தாழம்பூ, கன்னோஜ் மல்லிகை அத்தரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா?