லடாக் பயணம்: போன மாதக் கேள்விக்கு ஒரு புதுப்பிப்பு

கிளிநொச்சியில் 125 சிசி பைக் மட்டும் ஓடிப் பழகியவன், வட இந்திய மலைப்பாதையில் வழிகாட்டியோடு போகும் மணாலி–லே பைக் பயணத்துக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

விழுந்த பைக்கைத் தூக்கப் பழகு என்று ஒரு அண்ணா சொன்னதுதான் பெரிய உதவி. அங்கே தரும் ஹிமாலயன் பைக் கிட்டத்தட்ட 200 கிலோ. நண்பனின் பழைய 250 சிசி பைக்கில் நெல் மூட்டை ஒன்றைக் கட்டி, இரணைமடுப் பக்கம் கிரவல் ஒழுங்கையில் சரித்துப் போட்டுப் பழகினேன். முதல் நாள் கையால் இழுத்து நாரி பிடித்துவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது: கியரில் விட்டு, ஹாண்டிலை முழுக்கத் திருப்பி, சீற்றில் முதுகைக் கொடுத்துக் குந்தி, காலால் உந்திப் பின்னுக்கு நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலே விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த பைக் மறுபக்கம் சரிந்துவிடும்.

உயரத்துக்கு மட்டும் வன்னியில் பயிற்சி எடுக்க வழியில்லை. லே நகரமே 3,500 மீற்றர். வழியில் வரும் தங்லாங் லா கணவாய் 5,300ஐத் தாண்டும். உடம்பு உயரத்துக்குப் பழக, வழியிலுள்ள ஜிஸ்பா ஊரில் இன்னும் ஒரு நாள் தங்கக் கேட்டேன், பயண ஏற்பாட்டாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். பெரிய நிம்மதி.

முதலில் எடுத்த காப்புறுதியில் பைக் ஓட்டமே சேரவில்லை, மாற்றிவிட்டேன். இனிக் கையுறைதான் பாக்கி. குளிரும் மழையும் தாங்குவது வவுனியாவில் கிடைக்குமா?