டிஓபிடி, டிசாட் – தமிழ்ல என்ன சொல்லலாம்? (ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்)

பிராங்க்பர்ட் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வாட்சிம்ல (ஆன்லைன்ல விமானம் ஓட்டுற சிமுலேட்டர் நெட்வொர்க்) புதுசா பறக்க வர்ற நம்ம பசங்களுக்காக பிராங்க்பர்ட்ல இருந்து கிளம்புறது எப்படின்னு ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், ரெண்டு சொல்லுல மாட்டிக்கிட்டேன். டிஓபிடிங்கறது (டார்கெட் ஆஃப் பிளாக் டைம்) பைலட் "இத்தனை மணிக்கு கதவு சாத்தி எல்லாம் முடிஞ்சு பின்னால தள்ள ரெடி"ன்னு தானே குடுக்குற நேரம். அதை வாங்கிக்கிட்டு, ரன்வேல எத்தனை பிளேனை அனுப்ப முடியும், டாக்ஸி பண்ண எத்தனை நிமிஷம்னு கணக்கு போட்டு சிஸ்டம் திருப்பிக் குடுக்குற இன்ஜின் ஸ்டார்ட்அப் நேரம் டிசாட் (டார்கெட் ஸ்டார்ட்அப் அப்ரூவல் டைம்). அதுக்கு 5 நிமிஷம் முன்னபின்ன இருக்கும்போதுதான் ஸ்டார்ட்அப் கேக்கணும். நிஜத்துல இந்த ஏற்பாடு மியூனிக்ல 2007லயே வந்தாச்சு, சிமுலேட்டர்காரங்க அதைப் பாத்துதான் செஞ்சாங்க. டிஓபிடிக்கு நான் முதல்ல "இலக்குத் தடைநீக்க நேரம்"னு போட்டேன், தங்கச்சி படிச்சிட்டு எந்த ரோட்டுல மறியல்னு கேக்குறா.

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார்:
தம்பி, நேரத்தை அளந்து அடுத்தவருக்குச் சொல்றது நமக்குப் புதுசு இல்ல. முல்லைப்பாட்டுல பாசறைக் காட்சியைப் பாருங்க. "பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்" குறுநீர்க் கன்னலை, அதாவது நீர்க் கடிகாரத்தைப் பாத்து இத்தனை நாழிகை ஆச்சுன்னு அரசனுக்கு அறிவிக்கிறாங்க. அந்தக் கன்னல்தான் உங்க சிஸ்டம். டிசாட்டுக்கு "கன்னற்பொழுது"ன்னு வைங்க. பைலட்டுக்கு "வலவன்", புறநானூறு 27லயே "வலவன் ஏவா வான ஊர்தி" இருக்கு.

கோவை கோடர்:
ஏனுங்க ஐயா, வலவன் ஏவாத ஊர்தின்னா பைலட்டே இல்லாத பிளேனுங்க, அதுக்கு டிஓபிடி யாருங்க குடுக்கறது? கன்னல்னா இன்னைக்கு கரும்புன்னுதான் நினைப்பாங்க, கன்னற்பொழுதுன்னா பொங்கல்னு புரிஞ்சுக்குவாங்க. பேசாம ஸ்லாட்டுன்னே போடுங்க.

லாரிக்காரர் மகன்:
ஸ்லாட்டுன்னு போடக்கூடாது பாஸ், சிடாட்டைத்தான் (கால்குலேட்டட் டேக்ஆஃப் டைம்) ஸ்லாட்டும்பாங்க. அது ஏர்போர்ட் குடுக்குறது இல்ல, மேல வானத்துல நெரிசல்னா வர்ற டேக்ஆஃப் நேரம், 5 நிமிஷம் முன்னாடி 10 நிமிஷம் பின்னாடி வரை செல்லும். அப்புறம் ஆஃப் பிளாக்ல வர்ற பிளாக் தடை இல்ல, சக்கரத்துக்கு முட்டு குடுக்குற கட்டை. எங்கப்பா மேட்டுல லாரியை நிறுத்துனா கிளீனர் வைப்பானே, அதேதான். "கட்டை எடுக்குற நேரம்" போதும்.

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார்:
கட்டை எடுக்கறதுன்னா சுடுகாட்டு நினைப்பு வராதா? கன்னல் கசக்குதுன்னா நேரத்தைக் குறிக்கிற "ஓரை"ன்னு வைங்க. தொல்காப்பியத்துலயே "ஓரையும் நாளும்" இருக்கு.

கோவை கோடர்:
ஓரை கிரேக்கத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்களேங்க, அதுக்கு நேரா இங்கிலீஷ் "ஹவர்"னே எழுதிடலாமே.

(இதுக்கப்புறம் வந்த பதினோரு மடலும் ஓரை தமிழா கிரேக்கமாங்கறதுதான். தம்பியோட ஞாயித்துக்கிழமையை யாரும் நினைக்கல. அதுக்குத் தனி இழை தொடங்கிக்குங்க. – மட்டுறுத்துநர்)

டொரோண்டோ அக்கா:
தம்பி, எங்கட ஊரில "வெளிக்கிடுறது" எண்டு ஒரு சொல் இருக்கு. சும்மா போறது இல்லை, குளிச்சு உடுத்து சாமான் எல்லாம் எடுத்து வைக்கிறதும் அதுக்குள்ள வரும். "வெளிக்கிட்டாச்சோ?" எண்டு கேட்டா, கதவடியில ஆயத்தமா நிக்கிறியளோ எண்டுதான் அர்த்தம். உங்கட டிஓபிடியும் அதுதானே? "வெளிக்கிடும் நேரம்" எண்டு எழுதுங்கோ.

பிராங்க்பர்ட் தம்பி:
அக்கா, பிரமாதம். கிளம்புறதுன்னா போறதும் வந்துடுது, உங்க சொல்லுல ரெடியாகுறதும் இருக்கு. ஆனா மதுரைப் பையனுக்குப் புரியுமா?

லாரிக்காரர் மகன்:
புரியாது. எனக்கே இப்பதான் தெரியும். பைலட் சொல்றது "சொன்ன நேரம்", சிஸ்டம் தர்றது "தந்த நேரம்". முடிஞ்சது.

கோவை கோடர்:
பிளைட் பிளான்ல ஏற்கனவே ஒரு ஈஓபிடி (எஸ்டிமேட்டட் ஆஃப் பிளாக் டைம்) இருக்குதுங்க, அதுவும் பைலட் சொன்னதுதானுங்களே?

லாரிக்காரர் மகன்:
அது பிளான்ல "போட்ட நேரம்".

டொரோண்டோ அக்கா:
போட்டது, சொன்னது, தந்தது... சீட்டுக்காசுக் கணக்கு மாதிரிக் கிடக்கு. சரி, உங்கட விருப்பம்.

பிராங்க்பர்ட் தம்பி:
மணி ராத்திரி ரெண்டு. சொன்ன நேரம், தந்த நேரம்னே போட்டுட்டேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "வெளிக்கிடத் தயாரா இருக்கும் நேரம்"னு ஒரு வரி விளக்கமும் சேத்துட்டேன். சிடாட்டுக்கு சொல்லே கிடைக்கல, முன்னபின்ன செல்லுங்கறதால முகூர்த்தம்னு வைக்கலாமான்னு இருந்தேன், வடமொழின்னு இன்னொரு பதினோரு மடல் வருமேன்னு விட்டுட்டேன். சிடாட் சிடாட்டாவே இருக்கட்டும்.

ரிட்டயர்டு தமிழ் வாத்தியார்:
என் மறுப்பைப் பதிவு செய்யறேன். ஓரை தமிழ்ச்சொல்தான்.