மொசார்ட் சி மேஜர் சொனாட்டா (கே. 545), முதற் பகுதி: 42ஆம் பாரை எவ்வாறு வாசிப்பது?

ஹட்டன் வயலின்

அனைவருக்கும் வணக்கம். நான் கர்நாடக வயலின் பயின்ற பின்னரே பியானோவுக்கு வந்தவள். தேர்வுக்காக இந்தப் பகுதியைத் தயார் செய்கிறேன். சொனாட்டா வடிவத்தில் (கருப்பொருள்களை அறிமுகம் செய்து, வளர்த்து, மீண்டும் கொண்டுவரும் அமைப்பில்) முதற் கருப்பொருள் திரும்பி வரும்போது தொடக்கச் சுருதியிலேயே வரும் என்று படித்திருக்கிறேன்; இங்கோ 42ஆம் பாரில் (பார் என்பது இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) அது எஃப் மேஜரில், அதாவது சி-க்கு மத்திமமான எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்டு வருகிறது. ஆதார சட்ஜம் அசையாத இசையில் பழகிய என் காதுக்கு, பல்லவியை யாரோ மத்திமத்திலிருந்து எடுத்துவிட்டதைப் போல் இருக்கிறது. இதனை ஊர் திரும்பிய நிறைவோடு வாசிப்பதா, இன்னும் வழியில் நிற்பதாக வாசிப்பதா? இடது கை மெட்டை மூடிவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல்.

கண்டி கீபோர்ட்

சகோதரி, இதற்கு எளிய விளக்கம் உண்டு. முற்பாதியில் இசை சி மேஜரிலிருந்து ஐந்தாம் சுரமான ஜி மேஜருக்குச் செல்கிறது. பிற்பாதியை, அதாவது 42ஆம் பாரில் கருப்பொருள் திரும்பும் பகுதியை, எஃப் மேஜரில் தொடங்கினால், அதே பாதையில் நடந்தாலே சி மேஜருக்கு வந்துவிடலாம்; புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. 1788 ஜூன் 26 அன்று தம் படைப்புப் பட்டியலில் மொசார்ட் இதனைப் பதிந்தபோது, தொடக்கநிலை மாணவருக்கான சிறு சொனாட்டா என்றே குறித்தார். ஆகவே இதில் ஆழமான நோக்கம் எதையும் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

பண்டாரவளை மிஸ்

மேலே சொன்ன விளக்கம் பல பாடநூல்களில் உள்ளதுதான், ஆனால் பார்களை எண்ணிப் பார்த்தால் அது இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை. முற்பாதியில் இரண்டாம் கருப்பொருளுக்கு முன் 12 பார்கள் உள்ளன. பிற்பாதியில் 42 முதல் 57 வரை 16 பார்கள் உள்ளன. முற்பாதியில் வலது கையில் மட்டும் ஓடிய சுர வரிசைகளை இங்கே இடது கையும் வாங்கிக்கொண்டு ஓடுகிறது. அதாவது, எஃப் மேஜரிலிருந்து வெளியேறுவதற்காகவே மொசார்ட் புதிதாக நான்கு பார்களை எழுதியிருக்கிறார். அதன் பிறகு 57ஆம் பார், 12ஆம் பாரைப் போலவே ஜி கோர்டில் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில்) வந்து நிற்கிறது. முன்பு அங்கிருந்து ஜி மேஜருக்குள் நுழைந்தவர், இம்முறை 58ஆம் பாரில் சி மேஜருக்குள் நுழைகிறார்.

ஆகவே, தங்கை, மெட்டு 42இல் திரும்பிவிடுகிறது, சுருதி 58இல்தான் திரும்புகிறது. நீங்கள் சொன்ன மத்திம உவமை மிகப் பொருத்தமானது. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களை மத்திம சுருதியில் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே பாடல் முழுவதும் மத்திமமே சட்ஜமாக நிற்கும். இங்கே அந்த நிலை சில பார்களுக்கே நீடிக்கிறது. 43ஆம் பாரில் இடது கையில் வரும் பி பிளாட்டைக் கவனித்துக் கேளுங்கள்; சி மேஜரை விட்டு விலகி நிற்கிறோம் என்பதை அந்த ஒரு சுரம் சொல்லிவிடும்.

வாசிக்கும்போது 29ஆம் பாரில் ஜி மைனரில் தொடங்கி, டி மைனர், ஏ மைனர் வழியாக வரும் நடுப்பகுதியின் பதற்றத்தை 42இல் முழுவதும் தணித்துவிடாதீர்கள். மென்மையாக, சமமாகத் தொடங்கி, இடது கை ஓட்டங்களில் ஒலியை மெல்ல வளர்த்து, 58இல் இலகுவாக இறங்குங்கள். அங்கேயும் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. மொசார்ட்டின் கைப்பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. முதற் பதிப்பே அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1805இல்தான் வந்தது. புத்தகங்களில் காணும் ஒலியளவுக் குறிகளிற் பல பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை என்பதால், இவ்விடயத்தில் உங்கள் காதுக்கும் உரிமை உண்டு.

நுவரெலியா மூடுபனி

இடது கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதற் பாரில் சி-ஜி-ஈ-ஜி என நான்கு சுரங்களையும் ஒரே பலத்தில் அழுத்தினால் மெட்டு மூழ்கத்தான் செய்யும். முதலில் அவற்றை ஒரே கோர்டாகச் சேர்த்து வாசித்துப் பழகுங்கள். பிறகு பிரிக்கும்போது சுண்டுவிரலின் அடிச்சுரம் மட்டும் கேட்டால் போதும். பெருவிரல் ஜி-யை ஏறக்குறைய தொட்டுச் செல்ல வேண்டும். மொசார்ட் காலத்துப் பியானோவின் சுத்தியல்கள் சிறியவை, தோல் போர்த்தியவை. அதன் கீழ்ச் சுரங்கள் இன்றைய பியானோவைப் போல் முழங்குவதில்லை. நம் கருவியில் அந்தச் சமநிலையை விரல்தான் தர வேண்டும்.

இங்குள்ள ஈரப்பதத்தில் பழைய பியானோக்களின் கட்டைகள் உப்பி, அழுத்தினால் மேலெழத் தாமதிப்பதுண்டு. அத்தகைய கருவியில் பழகினால் கை தானாகவே கனத்துவிடும். அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் மின் பியானோ இருந்தால், இந்தப் பயிற்சியை மட்டுமாவது அதில் செய்யுங்கள். வேகத்தை முதல் நான்கு பார்களை வைத்து முடிவு செய்யாமல், 5ஆம் பாரின் ஓட்டத்தை வைத்து முடிவு செய்வது நல்லது.

ஹட்டன் வயலின்

மிக்க நன்றி, மிஸ். 25ஆம் பாரின் டிரில்லை (அடுத்தடுத்த இரு சுரங்களை விரைவாக மாறி மாறி வாசிக்கும் அலங்காரத்தை) மேற்சுரத்திலிருந்து தொடங்குவதா? முற்பாதிக்கும், 29ஆம் பார் முதல் இறுதி வரையிலான பகுதிக்கும் மீள்வாசிப்புக் குறி இருக்கிறதே, தேர்வில் இரண்டையும் வாசிக்க வேண்டுமா?

பண்டாரவளை மிஸ்

ஆம், மேற்சுரத்திலிருந்தே தொடங்குங்கள்; 70ஆம் பாரிலும் அப்படியே. பொதுவாகத் தேர்வுகளில் மீள்வாசிப்பைக் கேட்பதில்லை, பாடத்திட்டத்தில் உங்கள் தரத்துக்குரிய குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கச்சேரியில் வாசித்தால், முற்பாதியையாவது மீண்டும் வாசிக்கலாம்; சி-யும் ஜி-யும் காதில் பதிந்த பிறகு வந்தால்தான் அந்த எஃப் கேட்பவரைத் திடுக்கிடச் செய்யும்.