ஒயரே இல்லாத தெர்மோஸ்டாட்டை செவுத்துல மாட்டலாமா?

குளிர்தாங்காதவள்: எங்க ஆபீஸ் ஹால்ல ஏசி எத்தனை டிகிரி இருக்கணும்னு வைக்கிற தெர்மோஸ்டாட் ஒண்ணு இருக்கு, ரெண்டு வருஷமா அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருந்தோம், ஒருத்தர் 22 வைப்பார், அவர் அந்தப் பக்கம் போனதும் நான் 26 வைப்பேன். போன வாரம் மூடி கையோட கழண்டு வந்துடுச்சு. உள்ள பேட்டரி, நம்பர் காட்டுற டிஸ்ப்ளே, அவ்ளோதான், ஒரு ஒயர் கூட இல்ல. மெயின்டனன்ஸ் ஆளுங்ககிட்ட வயர்லெஸ்ஸான்னு கேட்டேன், இல்லையாம். "சும்மா மாட்டினது மேடம், அதுக்கப்புறம்தான் கம்ப்ளைன்ட் குறைஞ்சுது"ன்னாங்க. இது ஏமாத்து வேலை இல்லையா?

பிளான்ட்ரூம்வாசி: மேடம், மெயின்டனன்ஸ்ல இருக்கிறவன் நான். மொத்த ஹாலுக்கும் ஒரே ஏசி யூனிட், அறுபது பேரு, ஒருத்தர் கோட்டு போட்டிருப்பார், ஒருத்தர் மாடிப்படி ஏறி வேர்த்து வந்திருப்பார், யாருக்குன்னு வைக்கிறது? டென்மார்க்ல ஃபாங்கர்னு ஒரு ப்ரொஃபசர் 1970லயே இதுக்கு ஃபார்முலா போட்டார், உடுப்பு, உடம்பு உழைப்பு, காத்து வேகம், ஈரப்பதம் எல்லாம் சேர்த்து. அவர் கணக்குப்படியே எவ்ளோ பக்காவா வெச்சாலும் நூத்துக்கு 5 பேருக்கு ஒத்துக்காது. அந்த அஞ்சு பேருக்கு ஏதோ ஒரு நிம்மதி கிடைச்சா என்ன தப்பு?

லிஃப்ட்கார தம்பி: லிஃப்ட்ல கதவு மூடுற பட்டனும் நிறைய இடத்துல இப்படித்தான் அண்ணே. அமெரிக்காவுல 1990ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துது, உள்ள வர்றவங்களுக்காக கதவு குறைஞ்சது 3 செகண்டாவது திறந்திருக்கணும்னு விதி, அதனால அங்க பல லிஃப்ட்ல அந்த பட்டன் சாதாரண நேரத்துல வேலை செய்யாது. ஆனா அது டம்மி இல்ல, தீயணைப்பு வீரர் சாவி போட்டு திருப்பினா கதவு தானா மூடாது, அந்த பட்டனை அமுக்கினாத்தான் மூடும். உங்க தெர்மோஸ்டாட் யாருக்குமே வேலை செய்யலையே.

குளிர்தாங்காதவள்: தம்பி சரியா சொன்னீங்க. அண்ணா, மீதியையும் கேளுங்க. மூடி கழண்டப்புறம் ஹால் சூட்டை அளந்து ஏசிக்கு சொல்ற நிஜ சென்சார் எங்கன்னு தேடச் சொன்னேன், ஜெராக்ஸ் மெஷினுக்கு நேர் மேல இருந்துது! மெஷின் ஓட ஓட சென்சார் சூடாகும், ஹாலே சூடுன்னு நெனச்சு ஏசி இன்னும் குளிரைக் கொட்டும், நாங்க ஸ்வெட்டர்ல உக்காந்திருப்போம். நாங்க கத்தினதெல்லாம் அந்த டப்பாவுக்குள்ள போய் அடங்கிடுச்சு, உங்க ஆளுங்க காதுக்கே வரலை. கம்ப்ளைன்ட் குறைஞ்சதுதான், குளிர் குறையலையே அண்ணா?

பிளான்ட்ரூம்வாசி: ஜெராக்ஸ் மேல சென்சார் வெச்சது பெரிய தப்புதான், ஒத்துக்கறேன், கம்ப்ளைன்ட் வந்திருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்போம். ஆனாலும் ஆளாளுக்கு நிஜ கன்ட்ரோல் குடுத்தா காலைல 18, மத்தியானம் 28னு போகும், கம்ப்ரஸர் தாங்காது.

லிஃப்ட்கார தம்பி: அதுக்குத்தான் லிமிட் வைக்கிறது அண்ணே, செட் பாயின்ட்டுக்கு, அதாவது நீங்க வெச்சிருக்கிற டிகிரிக்கு, மேல ரெண்டு, கீழ ரெண்டு டிகிரி மட்டும் நகருற மாதிரி. நிறைய கன்ட்ரோலர்ல அந்த வசதி இருக்கு.

பிளான்ட்ரூம்வாசி: இருக்கு. ரெண்டு ரொம்ப ஜாஸ்தி, ஒண்ணு வேணா குடுக்கலாம்.

குளிர்தாங்காதவள்: ஒண்ணுன்னாலும் நிஜமா குடுங்க அண்ணா.