எந்த வாட்ச்சை யாராவது செய்து விற்க மாட்டார்களா என்று ஏங்கினீர்கள்? எப்போது ஏங்கினீர்கள்?

குமிழ்

நானே தொடங்கிவிடுகிறேன். தாத்தாவிடம் எச்எம்டி கம்பெனியின் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒன்று இருந்தது, கையசைவிலேயே சாவி ஏறிக்கொள்வது. கிழமை, தேதி இரண்டும் காட்டும் மாடல். கிழமை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாத்தா 1965இல் கல்லூரி மாணவர், மொழிப் போராட்ட ஊர்வலத்தில் போனவர். அந்த வாட்ச்சை அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார்.

ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கி வந்தோம். இரவு தோசை சாப்பிடும்போதுதான் கவனித்தார். கிழமை காட்டும் ஜன்னலில் இந்தி! தட்டை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, என்னை டிவிஎஸ் 50இல் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "அதுக்கென்ன சார்" என்று வாட்ச்சின் குமிழை இழுத்துத் திருகினார். ஆங்கிலம், இந்தி, ஆங்கிலம், இந்தி என்று ஒரு வாரமே அந்தச் சின்ன ஜன்னலில் ஓடி, சரியான கிழமைக்கு வந்து ஆங்கிலத்தில் நின்றது. தாத்தா கையை நீட்டவில்லை. "இன்னொரு சுத்து விடுங்க" என்றார். விட்டார். "இதுல தமிழ் எப்ப வரும்?"

கடைக்காரர் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை.

உள்ளே சுழலும் கிழமைச் சக்கரத்தில் 14 இடம் இருக்கிறது, ஒரு கிழமைக்கு இரண்டு. சீகோ கம்பெனி அரபு நாடுகளுக்கு அரபியில் கிழமை போட்டு விற்கிறது, ஜப்பானில் அவர்களுடைய கான்ஜி எழுத்தில். ஏழே ஏழு சொல் தமிழில் அச்சடித்தால் போதும், புது மெஷின்கூட வேண்டாம். எனக்கு வேண்டிய வாட்ச் அதுதான்.

நைட் டூட்டி

நான் நர்ஸ். இரவு 2 மணிக்கு வார்டு விளக்கை அணைத்திருப்போம். என் வாட்ச்சில் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் பச்சையாக ஒளிரும். எனக்கு வேண்டிய நொடி முள் மட்டும் ஒளிராது. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பாட்டியின் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். 34 வரை வந்தேன். பாட்டி கண்ணைத் திறந்து, "எந்தச் சுடுகாட்டுலேர்ந்துடி வர்ற?" என்றார். எண்ணிக்கை போச்சு. மறுபடி முதலிலிருந்து எண்ணினால் நாடியே ஏறிவிட்டது, பயத்தில்.

நொடி முள் முழுக்க ஒளிர வேண்டும். டயல் வெள்ளையாக, 32 மிமீக்குள். துடைத்தால் சுத்தமாகிற பட்டை. கல் வேண்டாம், பூ வேண்டாம். லேடீஸ் வாட்ச் என்றால் பாதிக்கு நொடி முள்ளே இல்லை. பெண்களுக்கு நொடி எதற்கு என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஓசூர் பஸ்

குமிழ் சார், டைட்டன் 'நம்ம தமிழ்நாடு' என்று ஒரு வரிசையே கொண்டுவந்ததே, பார்க்கவில்லையா? டைட்டன் என்ற பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. டாடா இண்டஸ்ட்ரீஸின் 'டை', தமிழ்நாட்டின் 'டன்'.

என் கதை தமிழ் எண். டயல் அச்சடித்துத் தரும் ஒருவரிடம் சொல்லி, பழைய வாட்ச் ஒன்றில் தமிழ் எண்களைப் போடவைத்தேன். ஆசையாக அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏன்டா, 'எ'வுக்கு அப்புறம் 'அ' வருது, அதுக்கப்புறம் 'கூ' வருது? எழுத்து வரிசையே தப்பா இருக்கே!" ஏழு, எட்டு, ஒன்பது. ௭, ௮, ௯. இன்னும் அந்த வாட்ச்சைக் கட்டினால் எனக்கு 'எஅகூ' என்றுதான் தெரிகிறது. இருந்தாலும் ஒரு கம்பெனி இதை ஒழுங்காக வடிவமைத்து, சாவி கொடுக்கும் வாட்ச்சாக விட்டால் முதல் ஆளாக நிற்பேன்.

கணக்கோலை

ஓசூர் பஸ், பத்துக்கு என்ன போட்டீர்கள்? ௧௦ என்றா? அப்படியென்றால் அது தமிழ் எண் இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எண். பத்துக்குத் தனிக் குறி உண்டு, ௰. பதினொன்று ௰௧, பன்னிரண்டு ௰௨. நூறு ௱, ஆயிரம் ௲. 234 என்பதை ௨௱௩௰௪ என்று எழுதினார்கள். சுழியம் நம் எண் வரிசையில் பிறகு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டில் இப்படித்தான் நெல் கணக்கு இருக்கிறது, நான் பன்னிரண்டு வயதில் அதைப் படிக்கத் தெரியாமல் முழித்தேன். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இதைத் தெரியாமல் டயல் அடிப்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மணிக்கூண்டானாலும் வாட்ச்சானாலும் உச்சியில் ௰௨ நிற்க வேண்டும். ௧௨ நின்றால் நான் வாங்க மாட்டேன்.

ஓசூர் பஸ்

௧௨தான் நிற்கிறது. நீங்கள் வாங்க வேண்டாம், அது விற்பனைக்கு இல்லை.

ஒல்லிக்கை

மணிக்கட்டு 15.5 செமீ. ஷோரூமில் 36 மிமீ கேட்டேன். பையன் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "லேடீஸ் செக்‌ஷன் அந்தப் பக்கம் சார்" என்றான். பக்கத்தில் என் மாமனார். வேறொன்றும் சொல்வதற்கில்லை. எச்எம்டியின் ஜனதா, பைலட் மாடல்கள் சுமார் 35 மிமீதான், அந்தக் காலத்து ஆண்கள் எல்லோரும் அதைத்தானே கட்டினார்கள்?

பழைய இரும்பு

ஒல்லிக்கை ஜனதா என்றதும் சொல்லத் தோன்றியது. எனக்கும் அப்படி ஒரு ஆசை வந்து, ஆரஞ்சு டயல் போட்ட பைலட் ஒன்றை இணையத்தில் வாங்கி, ரிப்பேர் கடையில் திறந்து பார்த்தால் உள்ளே வேறு மாடலின் பாகங்கள். சரி, நீங்கள் ஏமாறாதீர்கள். முதலில், 2016இல் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. இன்று 'புத்தம் புதுசு' என்று கிடைப்பதில் பெரும்பகுதி டயலுக்கு மறு பெயின்ட் அடித்தவை, 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்வது இதைத்தான். டயலின் எழுத்தை லென்ஸில் பாருங்கள், ஓரம் கசிந்திருந்தால் விடுங்கள். பளிச்சென்று ஊதா, ஆரஞ்சு என்றால் கிட்டவே போகாதீர்கள். பின் மூடியைத் திறந்த போட்டோ கேளுங்கள், தர மறுத்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். திருகாணித் தலைகள் கிழிந்திருக்கிறதா பாருங்கள். வாங்கியதும் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்ளாதீர்கள், பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், ஓடவிட்டால் சக்கரப் பல் தேயும். முதலில் சர்வீஸ். சாவியை இறுகி நிற்கும்வரை கொடுக்கலாம், நின்ற பிறகு வலுக்கட்டாயம் கூடாது. மழையில் கட்டவே கூடாது.

நைட் டூட்டி, உங்களுக்கு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கிக்கொள்வதே நல்லது. இல்லாவிட்டால் கேசியோ எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் வாட்ச். 1989இல் வந்தது, இன்றும் கிடைக்கிறது, விளக்கும் உண்டு.

நைட் டூட்டி

ஆக்ஸிமீட்டர் வார்டில் இருக்கிறது சார். அது எண்ணைச் சொல்லும். நாடி நடுவில் ஒரு துடிப்பை விழுங்குகிறதா, தாளம் தப்புகிறதா என்று விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேசியோவின் விளக்கு எரிய அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை நாடியில், இன்னொரு கை பொத்தானில் இருந்தால் பாட்டியின் போர்வையை யார் இழுத்துவிடுவது? நான் கேட்டது ஒரு முள்ளுக்குக் கொஞ்சம் பச்சைச் சாயம்.

குமிழ்

ஓசூர் பஸ்ஸுக்கு: 'நம்ம தமிழ்நாடு' தெரியும். நான் கேட்டது கிழமைச் சக்கரம். நேற்று காகிதத்தில் எழுதி, 3 மிமீ அகலத்துக்கு ஜெராக்ஸில் சுருக்கிப் பார்த்தேன். 'வியாழன்' உள்ளே வராது. ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று சுருக்கினால் வருகிறது. ஆனால் அந்த அளவில் வியாழனும் வெள்ளியும் எனக்கே குழம்புகிறது. வெள்ளியை மட்டும் சிவப்பில் போடலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிறு கோபித்துக்கொள்ளும்.

பழைய இரும்பு

குமிழ், தாத்தாவின் அந்த ஆட்டோமேட்டிக் இன்னும் இருக்கிறதா? விற்பதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பின் மூடியைத் திறந்த போட்டோவோடு.