புதுப்பிப்பு: லீசிங்கில் வாங்கிய பழைய ஹைபிரிட் கார், எச்சரிக்கை விளக்கு

லீசிங்கில் (நிதி நிறுவனத்துக்கு மாதத் தவணை கட்டும் முறையில்) வாங்கிய என் ஹைபிரிட் காரில் (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுவது) மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகையில், களுவாஞ்சிக்குடி தாண்டியதும் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை குறைகிறது என்று எழுதியிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

'பற்றரியை மாற்றுமுன் அதைக் குளிர்விக்கும் விசிறியைப் பாருங்கள்' என்று இங்கே பதில் எழுதிய அண்ணனின் யோசனைதான் பலித்தது. பின் இருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. நடுவே கல்லடிக் கடற்கரை மணலும் ஒரு முறுக்குத் துண்டும்! (முறுக்கு எங்களுடையதல்ல.) காற்றின்றிப் பற்றரி சூடேறியிருக்கிறது. கராஜில் சுத்தம் செய்து காரின் கணினியில் பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை அழித்தார்கள். பிறகு நண்பகல் வெயிலில் மூன்று தடவை கல்முனை போய்வந்தேன், விளக்கு எரியவில்லை.

எதிர்பாராதது: விற்றவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. தவணையை நிறுத்தச் சொன்னவர்களுக்கு: ஒப்பந்தத்தைப் படித்தேன். பழுதானாலும் தவணை கட்டவேண்டும், பிந்தினால் தாமதக் கட்டணம். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பதும் நிதி நிறுவனம்தான். கட்டிவிட்டேன்.